நாற்பத்திரண்டு என்று எழுதிய அட்டை

1

இந்தக் கதை ஒரு கேலியாகத்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. மொம்பாசாவில் ஒரு மதியச் சாப்பாட்டுக் கடை. எதிரே பிலாவுச் சோற்றுத் தட்டோடு அமர்ந்திருந்தவர், டியானிக் கடற்கரை விடுதியொன்றின் வரவேற்பாளரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். ஊழியர்களுக்கான பொது அறிவுப் போட்டியாம். கடைசிக் கேள்வியாம். கென்யாவில் பள்ளிக்கூட வாசலை மிதித்த எவருக்கும் விடை தெரியுமாம்.

"நாடே மனப்பாடம் பண்ணி வச்சிருக்குற கணக்கு! அந்தம்மா வாயிலேர்ந்து மட்டும் வரலயாம்ப்பா!"

மேசையே குலுங்கியது. என்ன கேள்வி என்று கேட்டேன். சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு தவறாகப் புரிந்துகொண்ட ஒருவரிடம் ஒரு கதையை விட்டுவைக்கக் கூடாது என்ற வீம்பு மட்டுமே வந்தது. ஆசிரியரின் நோக்கத்தைப் பிரதியில் தேடக் கூடாது என்று பயின்றவள் நான். ஆகவே தேடும் சிரமத்தை உங்களுக்கு வைக்காமல் முதலிலேயே கையில் கொடுத்துவிடுகிறேன். நோக்கம் வீம்பு. மேலே படியுங்கள்.

2

முதல் தொடக்கம்: "மே மாத மழையில் டியானியின் வெண்மணல் தன்—"

[அடித்துவிட்டேன். கடற்கரை வருணனை விடுதி விளம்பரங்களின் சொத்து.]

இரண்டாம் தொடக்கம்: "மொடெஸ்டா லிகோன்டேயின் தாத்தா மொசாம்பிக்கிலிருந்து கரும்பும் நார்க்கற்றாழையும் விளைந்த தோட்டங்களுக்குக் கூலியாக வந்த மக்கொண்டே இனத்தவர். அங்கிருந்து மூன்று தலைமுறையாக—"

[இதையும். வரலாற்றை முதலில் நிறுத்தினால் மொடெஸ்டா அதற்குச் சான்றாக மட்டுமே உள்ளே வருவாள். அவள் முதலில் வேலைக்கு வரட்டும். வரலாறு பின்னால் நடந்து வரட்டும். மக்கொண்டேகளுக்கு நடப்பது புதிதன்று.*]

* கடற்கரை மாவட்டமான குவாலேயிலிருந்து தலைநகரை நோக்கி, குடியுரிமை கேட்டு, அவர்கள் நடந்தே போனார்கள். அதன் பிறகுதான், 2017இல், அரசு அவர்களை நாட்டின் நாற்பத்து மூன்றாவது இனமாக ஏற்றது. அதே ஆண்டில் என்னைப் போன்ற ஆசிய வம்சாவளியினர் நாற்பத்து நான்காவது ஆனார்கள். நாங்கள் எங்கும் நடக்கவில்லை என்பதையும் குறித்து வைக்கிறேன்.

மூன்றாம் தொடக்கத்தை விட்டுவைக்கிறேன். அது கீழே.

3

மழை தொடங்கினால் விடுதியில் விருந்தினர் இருக்க மாட்டார்கள். விருந்தினர் இல்லையென்றால் ஊழியரில் பாதிப் பேருக்குச் சம்பளமில்லா விடுப்பு. யாரை நிறுத்துவது, யாரை அனுப்புவது என்பதில் ஆண்டுதோறும் சண்டை. 2018இல் புதிய மேலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பிரிவுக்கு நால்வர் கொண்ட அணிகள். பொது அறிவுப் போட்டி. வென்ற அணியின் நால்வருக்கும் மழைக்காலம் முழுவதும் வேலை உறுதி. அதை அவர் நியாயம் என்று மனமார நம்பினார்.

இறுதியாட்டத்துக்கு எண் சுற்று. எல்லா விடையும் எண்ணாகவே இருக்க வேண்டும். பக்கத்து ஊரான உகுண்டாவின் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ம்வாச்சிரோ வினாக்களை அட்டைகளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அவருடைய சட்டம் சுருக்கமானது: கேள்வி ஒருமுறைதான் படிக்கப்படும், மணி அடிப்பதற்குள் எண் வர வேண்டும், அட்டையில் இருப்பதே விடை.

சாப்பாட்டுக் கூடத்தின் இடப்புற மேசையில் வரவேற்புப் பிரிவு. தலைவி மொடெஸ்டா. பக்கத்தில் கத்தீபு, விருந்தினரைப் பவளப்பாறை காட்ட அழைத்துப்போகும் படகோட்டி, வரவேற்பு மேசையின் கீழ் நாட்கூலிக்கு இருப்பவர். மற்ற இருவரும் சுமைதூக்குநர்கள். வலப்புற மேசையில் கணக்குப் பிரிவு. அதன் தலைவர் கிரித் பாய், மொம்பாசாவிலேயே பிறந்த குஜராத்தி, மொடெஸ்டாவை வம்புக்கு இழுக்காமல் ஒரு நாளும் தேநீர் குடித்ததில்லை.

"வாத்தியாரே, எண் சுத்துன்னா கணக்குப் பிரிவுக்குத்தானே? அவங்க சாவி எண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணவங்க."

"பாய், போன மாசம் என் சம்பளத்த ரெண்டு தடவ தப்பாக் கூட்டுனது யாரு? அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க" என்றாள் மொடெஸ்டா.

"அது கம்ப்யூட்டர்மா."

"அப்ப கம்ப்யூட்டர இறக்குங்க, நீங்க எந்திரிங்க."

கூடம் சிரித்தது. வளர்ந்த மனிதரின் எலும்புகள்: இருநூற்றாறு என்றாள் மொடெஸ்டா. பியானோவின் கட்டைகள்: எண்பத்தெட்டு என்றார் கிரித் பாய். சதுரங்கப் பலகையின் கட்டங்கள், கென்யாவின் மாவட்டங்கள், எல்லாம் ஒன்றுக்கொன்று சளைக்காமல் போயின. பிறகு கோள்கள் எத்தனை என்ற கேள்வி வரவேற்பு மேசைக்கு வந்தது.

"எட்டு."

"ஒன்பது" என்றார் ம்வாச்சிரோ.

"வாத்தியாரே, புளூட்டோவ எடுத்துப் பன்னெண்டு வருஷமாச்சு!"

"என்கிட்டச் சொல்லிட்டு எடுத்தாங்களா? அட்டையில ஒன்பதுன்னு இருக்கு. அடுத்தது."

கிரித் பாய்க்கு ஒரே குஷி. "பாவம் புளூட்டோ. எங்க மேசைக்கு வந்துரச் சொல்லுங்க, சாயா குடுக்குறோம்."

4

இங்கே கத்தீபுவைப் பற்றி ஐயம் வந்து எழுத்து நின்றது.

முதல் வரைவில் அவரை மௌனமாக உட்கார வைத்திருந்தேன். அண்டை நாட்டுப் பெம்பாத் தீவிலிருந்து வந்த மீனவரின் பேரன். கென்யாக் கரையிலேயே பிறந்தவர். நாற்பது வயதாகியும் அடையாள அட்டை இல்லாதவர். அது இல்லாததால் வங்கிக் கணக்கில்லை, ஒப்பந்தமில்லை, மழை வந்தால் முதலில் போவது அவருடைய நாட்கூலி. இத்தனையையும் ஏற்றி, ஈரக் கண்களோடு ஒரு மூலையில் நிறுத்தியிருந்தேன். படித்துப் பார்த்தேன். கத்தீபுவுக்கு அது அவமானம். எண்ணிக்கையில் சேர்க்காத அரசு ஒரு பக்கம். பேச்சில் சேர்க்காத கதாசிரியை மறுபக்கம். இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை.

[அவரே பேசட்டும். பேசினால் கதை என் கையைவிட்டுப் போகக்கூடும். போகட்டும்.]

இன்னொன்று. பேருந்து நிலையத்தில் விற்கும் பொது அறிவு வினா-விடை நூலை வைத்துத் தேர்வுக்குப் படித்தவர் உங்களில் பலர் இருப்பீர்கள். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் எத்தனை? முப்பத்திரண்டு என்று உருப்போட்டவர் இன்று மதிப்பெண் இழப்பார். அங்கே இழப்பது ஒரு மதிப்பெண். ஒரு மாவட்டம் பிரிந்ததால் அங்கே வாழ்ந்தவர்கள் இல்லாமல் போவதில்லை. மொடெஸ்டாவின் மேசைக்கு வரப்போகும் எண் அத்தகையதன்று.

5

புள்ளிகள் சமம். கடைசி அட்டை. முதல் வாய்ப்பு வரவேற்புப் பிரிவுக்கு. தவறினால் கேள்வி கணக்கு மேசைக்குப் போகும்.

ம்வாச்சிரோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"கென்யாவுல மொத்தம் எத்தனை இனம்?"

கூடத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. அதைத் தொடர்ந்து கைதட்டல்கூடக் கேட்டது. சமையற்கட்டு வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள்: "ஒண்ணாங்கிளாஸ் கேள்விதானேக்கா! சொல்லிட்டு வா, உகாலிக் களி ஆறுது!"

நாற்பத்திரண்டு. மொடெஸ்டாவும் அதைப் பள்ளியில் ஒப்பித்தவள்தான். ஒவ்வோர் இனமாகக் கைவிரல் மடக்கச் சொன்ன வகுப்பில் தன் இனத்துக்கு ஒரு விரலும் மடங்கவில்லை என்று அவள் வீட்டில் சொன்னபோது, மரம் செதுக்கும் அப்பா உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அடையாள அட்டை அவள் கைக்கு வந்தது சென்ற ஆண்டு. அதன் பிறகுதான் இந்த விடுதி அவளுக்கு வேலை கொடுத்தது. இப்போது அதே வேலையைக் காப்பாற்ற அவள் நாற்பத்திரண்டு என்று சொல்ல வேண்டும்.

கத்தீபு அவள் காதருகே குனிந்தார்.

"நாப்பத்திரெண்டு. சொல்லிட்டு எந்திரிக்கா, பசிக்குது."

"அதுல நீ இல்ல."

"அதுல நீயுந்தான் இல்ல. சொல்லு."

"போன வருஷத்துலேர்ந்து நான் இருக்கேன்."

"அது அட்டைக்குத் தெரியாதே. எனக்கு மழை முடியற வரைக்கும் கூலி வேணும். என்னை எண்ணாட்டிப் போறாங்க, எனக்குப் பசிக்காம இருக்குமா?"

[முடிவு அ: அவள் நாற்பத்திரண்டு என்கிறாள். அணி வெல்கிறது. நால்வருக்கும் சோறு. கத்தீபு இந்த முடிவைத்தான் கேட்கிறார். இதைத் தாழ்வாக எழுத எனக்கு உரிமையில்லை. அடுப்பெரிக்க வேண்டியவர் அவர்.]

[முடிவு ஆ: அவள் நாற்பத்து நான்கு என்கிறாள். முந்தைய ஆண்டின் அரசாணைப்படி அதுவே சரி. ஆனால் கோள்களில் அசையாத ம்வாச்சிரோ இதில் அசைவாரா? அசைந்தாலும், மொடெஸ்டா உள்ளே, கிரித் பாய் உள்ளே, அவர்களுக்குப் பின்னால் கதவு சாத்தப்படுகிறது. வெளியே நிற்பவர் அதே மேசையில் உட்கார்ந்திருப்பவர்.*]

* இதை எழுதும் இந்நாளில் பெம்பா மக்களும் ஏற்கப்பட்டுவிட்டார்கள். கதை நடக்கும் மழையில் அது யாருக்கும் தெரியாது. எதிர்காலத்தைக் கடன்வாங்கி மொடெஸ்டாவுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன்.

[முடிவு இ: நாற்பத்தைந்து. கத்தீபுவையும் சேர்த்து. நெஞ்சை அள்ளும் முடிவு, அதனாலேயே சந்தேகத்துக்குரியது. வாசலில் நிற்பது கத்தீபுவின் மக்கள் மட்டும்தான் என்று மொடெஸ்டாவுக்கு யார் சொன்னது?]

ம்வாச்சிரோவின் கை மணிமேல் போனது. மொடெஸ்டா எழுந்து நின்றாள். மூன்று எண்களையும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் முகத்தில் அறைந்து சாத்தும் கதவாகவே ஒலித்தது.

"இன்னும் எண்ணி முடிக்கல, வாத்தியாரே."

"என்னது?"

"எண்ணி முடிக்கலன்னு சொன்னேன். முடிச்சதும் வந்து சொல்றேன்."

"எண்ணாச் சொல்லும்மா! சட்டம் தெரியும்ல?"

"தெரியும். உங்க சட்டமும் தெரியும், உங்க அட்டையில இருக்குறதும் தெரியும். தெரியாம ஒண்ணும் நிக்கல."

மணி அடித்தது.

6

கேலி செய்தவரின் கதை இந்த இடத்தில் முடிகிறது. வாயிலிருந்து வரவில்லையாம். வந்ததை நீங்கள் கேட்டீர்கள்.

ஆனால் என் கதை முடியவில்லை. கத்தீபு பேசத் தொடங்கிவிட்டார், அவரை நிறுத்த என்னால் முடியவில்லை.

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேக்கா" என்றார். அவர் குரலில் நன்றி இல்லை. முன்பொரு வரைவில் நன்றியை வைத்திருந்தேன். அவர் அதைத் துப்பிவிட்டார். "என்னைக் கேட்டியா நீ? எனக்காகத் தோக்கச் சொல்லி நான் கேட்டனா?"

"உனக்காகன்னு யாரு சொன்னா?" மொடெஸ்டா உட்காராமலே திரும்பினாள். "இருவது வருஷமா அந்த எண்ணை நான் ஒப்பிச்சேன். எனக்கு வாய் புளிச்சுப்போச்சு. உன் கூலிக்கு மேலாளர் கூட நாளைக்கு நான் சண்டை போடுறேன். இதச் சொல்லி வாங்குன சோறு எனக்கு எறங்காது."

"எனக்கு எறங்குமே!"

"அப்ப நீ எந்திரிச்சு சொல்லியிருக்கணும். உனக்கும் வாய் இருக்குல்ல?"

 கத்தீபுவும் சொல்லியிருக்கலாம்; அணியில் யார் சொன்னாலும் செல்லும். அந்த எண்ணைத் தன் வாயால் சொல்லாமல் ஏன் அவள் காதில் ஓதினார் என்பதை நான் விளக்கப்போவதில்லை. அவருக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது என்று மட்டும் சொல்வேன்.

"கேள்வி கணக்குப் பிரிவுக்கு" என்றார் ம்வாச்சிரோ.

கிரித் பாய் எழுந்தார். அவர் அணியின் மூவரும் கீழிருந்து கிசுகிசுத்தார்கள்: நாப்பத்திரெண்டு, நாப்பத்திரெண்டு. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த மழை நீளமானது. அந்த எண்ணில் கிரித் பாயும் இல்லை என்பது கூடத்தில் முதன்முறையாக எல்லோருக்கும் உறைத்தது. 

"என்ன பாய், கம்ப்யூட்டர் வேலை செய்யலயா?" என்று யாரோ கேட்டார்கள். எவரும் சிரிக்கவில்லை.

அப்போது கத்தீபு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கூடத்தின் குறுக்கே நடந்து, கணக்கு மேசைக்கு முன்னால், கிரித் பாய்க்கு நேர் எதிரே போய் நின்றார்.

"சொல்லுங்க பாய். சொல்லி ஜெயிச்சுக்குங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். உங்களுக்கும் வீடு இருக்கு. ஆனா அட்டையப் பாத்துச் சொல்லாதீங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

கிரித் பாயின் வாய் திறந்தது.

இங்கே நான் நிறுத்துகிறேன். திறந்த வாய்க்குள் ஓர் எண்ணை வைப்பது ஆசிரியர்களுக்கு வழக்கமான உரிமை. அதை ஏற்க மறுக்கிறேன். கோழைத்தனம் என்பீர்களானால் சொல்லிக்கொள்ளுங்கள். நான் எந்த எண்ணை எழுதினாலும் நீங்கள் அதை விடையாக எடுத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவீர்கள் என்பதால் மறுக்கிறேன். மேசைக்கு மேசை நகர்ந்த கேள்வி இப்போது உங்களிடம் வந்திருக்கிறது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கத்தீபு உங்களுக்கு நேர் எதிரே நிற்கிறார்.

சொல்லுங்கள். எத்தனை?