மாமாவிடம் கேட்ட கார்டு

"புபுசி, மாமா. அந்தக் கார்டை எனக்குத் தாங்க."

ஆபீஸில் இந்த வார்த்தை உன் வாயிலிருந்து வரவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கடல் தாண்டி சூவாவில் படித்துப் பட்டம் வாங்கி நான் வந்திறங்கிய அன்றே சொன்னாள். வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நீ, வேண்டியதைச் சம்பளத்தில் வாங்கு, யாரிடமும் போய் நிற்காதே என்றாள். எங்கள் தீவில் சொந்தக்காரர் முகத்தைப் பார்த்து 'புபுசி' என்று கேட்டுவிட்டால் அவர் இல்லை என்று சொல்ல முடியாது. போட்டிருக்கும் சட்டையைக் கேட்டாலும் கழற்றித்தான் ஆக வேண்டும். மறுத்தவன் ஊர் மண்டபத்தில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

பரானிகோ மாமா அம்மாவுக்குச் சித்தப்பா மகன். பெசோ துறைமுகத்தில் எங்கள் கண்காணிப்பு அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர். சூரை மீன் பிடிக்கும் வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறி, வலையில் என்ன விழுகிறது, எதைத் திரும்பக் கடலில் தள்ளுகிறார்கள் என்று பார்த்து எழுதுவதும் படம் எடுப்பதும் என் வேலை. இந்த முறை சுறாக்களின் துடுப்பை அறுத்துக்கொண்டு உடம்பைக் கடலில் தள்ளினார்கள். சட்டப்படி கூடாது. எடுத்தேன்.

கரைக்கு வந்து கேமராவை மாமாவிடம் நீட்டியபோது திரையில் 'கார்டைப் படிக்க முடியவில்லை. ஃபார்மட் செய்யவா?' என்று வந்து நின்றது. மாமாவின் கட்டைவிரல் 'ஆம்' பொத்தானுக்குப் போனது. வேண்டாம் என்றேன். எழுதியது இருக்கிறதே, படம் எதற்கு என்றார். எழுதியது இருக்கிறதுதான். படமில்லாத குறிப்பின் மேல் குத்த 'நிரூபணமில்லை' என்று ஒரு முத்திரையும் அவர் மேசையிலேயே இருக்கிறது. அந்த முத்திரையோடு எத்தனை கப்பல்கள் கையசைத்துவிட்டுப் போயின என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன்.

மாமா சிரித்தார். "மத்தவங்க மோட்டார் கேப்பாங்க, பன்னி கேப்பாங்க. இவ பட்டம் வாங்கிட்டு வந்து செத்த கார்டக் கேக்குறா." கழற்றி என் உள்ளங்கையில் போட்டார். அந்த நொடியிலிருந்து அது என்னுடையது.

அது சாகவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸில் ஒரு கார்டை ஆள் மாற்றி ஆள் கடலுக்குக் கொண்டுபோவோம். உறைகிடங்கின் குளிரிலிருந்து கேமராவை அப்படியே வெயிலுக்குத் தூக்கி வருவோம். கண்ணாடியில் வேர்ப்பதைத் துடைப்போம், உள்ளே வேர்ப்பதை யார் பார்த்தார்கள். புதுக் கார்டு கேட்டால், கடலுக்குப் போனால் எல்லாம்தான் துருப்பிடிக்கும் என்று பதில் வரும்.

பக்கத்து அறைக் கணினியில் உட்கார்ந்தேன். கார்டின் செப்புப் பட்டைகளில் பச்சை பூத்திருந்தது. ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டேன். ஓரத்தில் இருக்கும் பூட்டைத் தள்ளிவிட்டேன், இனி யாரும் எதையும் அதன்மேல் எழுத முடியாது. கேமராவில் திரும்பப் போடவில்லை. வேறு ரீடரில் செருகினேன். கணினியும் ஃபார்மட் செய்யவா என்றுதான் கேட்டது. இல்லை என்று அழுத்தினேன். கார்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை மட்டும்தான் கெட்டிருந்தது. மீட்கும் மென்பொருளை ஓடவிட்டு, கிடைப்பதையெல்லாம் கணினிக்குள் இறக்கச் சொன்னேன்.

படங்கள் பெயரில்லாமல் வெறும் எண்களாக வந்தன. சில படங்களில் பாதி வெறும் சாம்பல் நிறம். அடுத்தது முழுசாக வந்தது: துடுப்பில்லாத சுறா ஒன்று விளிம்பைத் தாண்டிச் சரிகிறது, பின்னால் கப்பலின் எண். அதற்கடுத்ததில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நிற்கிறான் இயோதெபா. மாமாவின் மகன், அந்தக் கப்பலில் வலை ஆள். எனக்குத் தினமும் சோறு எடுத்து வைத்தவன்.

மாமா எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. இப்போது சிரிக்கவில்லை.

"அறுக்கறது அவன் இல்ல மாமா," என்றேன். "படத்துலயே தெரியுது."

"கப்பல நிறுத்தினா அத யாரு பாக்கப் போறா? மொதல்ல எறக்கி விடறது நம்ம பசங்களத்தான்."

அது உண்மை. நான் கோபக்காரி, ஆனால் குருடி இல்லை. அவன் சம்பளத்தில் ஒரு வீடே சாப்பிடுகிறது என்பதும், இந்தக் கடலில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லாத நாள் வந்தால் அவனைத்தான் முதலில் இறக்குவார்கள் என்பதும் ஒரே தலைக்குள் இருந்தன. ஒன்று மற்றதை அசைக்கவில்லை.

கணினி ஆபீஸுடையது. அதிலிருந்து படங்களை அழிக்க மாமாவுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கார்டு அப்படியில்லை. கொடுத்ததை அதட்டித் திரும்ப வாங்க முடியாது. அதற்கு அவருக்கு ஒரே வழிதான். நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். தலைவர் உட்காரும் விதமாக இல்லை.

"புபுசி, மரேதா. அந்தக் கார்டை எனக்குக் கொடும்மா."

ரீடரிலிருந்து அதை உருவினேன். அவர் கையை நீட்டினார். அந்தக் கை திரும்பக் காலியாகவே போகும் என்று அவர் வாழ்நாளில் நினைத்திருக்க மாட்டார். நான் கார்டை அதன் சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

"தர மாட்டேன் மாமா."

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. முகம்தான் வெளுத்தது. "உங்கம்மா இனிமே மண்டபத்துல எங்க போயி உக்காருவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கேள்வியை அவருக்கு முன்பே நான் என்னிடம் கேட்டு முடித்திருந்தேன், சாம்பல் படங்களுக்குப் பிறகு அந்தக் கப்பலின் எண் தெரிந்தபோதே. பையை மாட்டிக்கொண்டேன். பைரிகியில் அரசு வழக்கறிஞர் அலுவலகம் மூடும் முன்பு கார்டோடு போய்ச் சேர வேண்டும். மாமாவின் நீட்டிய கையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே நடந்தேன்.