பி பிளாக் இரண்டாம் மாடி காரிடார் நீண்ட விவரம்

மந்தைவெளி பூம்பொழில் கூட்டுறவுக் குடியிருப்பில், சித்திரை மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை, பி பிளாக் இரண்டாம் மாடி காரிடார் பத்து அடி நீண்டது. எட்டாம் எண் வீட்டுக்கும் ஒன்பதாம் எண் வீட்டுக்கும் நடுவில்தான் நீண்டது. மற்ற இடங்களில் ஒரு மாற்றமும் இல்லை. தெருவில் நின்று பார்த்தால் கட்டடமும் பழைய அளவில்தான் இருந்தது. ஒன்பதாம் எண்ணில் ஜாக்கெட் தைத்துக்கொடுக்கும் அன்புக்கரசி, மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது ஏதோ சரியில்லை என்று கழுத்தில் தொங்கிய டேப்பால் தரையை அளந்தாள். தையல் டேப் என்பது அறுபது அங்குலம், அதாவது ஐந்து அடி. சரியாக இரண்டு டேப் கூடியிருந்தது. ஏன் கூடியது, அதுவும் ஏன் ஞாயிற்றுக்கிழமை கூடியது என்பது அவளுக்கு விளங்கவில்லை. அந்த மாதம் அவள் செய்த புதிய காரியம் ஒன்றே ஒன்றுதான். காரிடாரில் எரியாமல் போன டியூப்லைட்டை மாற்றித் தரும்படி சங்கத்துக்கு ஒரு மனு எழுதியிருந்தாள்.

டியூப்லைட்டைத் தானே வாங்கி மாட்டிவிடலாமே என்று தோன்றும். முடியாது. காரிடார் பொது இடம். பொது இடத்தில் ஓர் ஆணி அடிக்கவும் தீர்மானம் வேண்டும். தீர்மானம் போடுகிறவர்கள் மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு கூடுவார்கள். செயலாளர் அச்யுத் நல்ல மனிதர், குரலை உயர்த்தியதே கிடையாது. மாடிப்படியில் அன்புக்கரசி நிறுத்திக் கேட்டால் கையிலிருக்கும் டைரியைக் காட்டுவார். "நோட் பண்ணிண்டாச்சு மேடம். அடுத்த மீட்டிங்ல எடுத்துக்கறோம்" என்பார். காரிடார் நீள்கிறது என்று அவள் சொன்னபோதும் சிரித்தபடியே, "பிளான்ல அறுபது அடி. பிளான்ல அறுபது அடின்னா அறுபது அடிதானே மேடம்" என்றார். அவள் மாதம் இரண்டு மனு எழுதினாள். வைகாசியில் நீண்டது, ஆனியில் இன்னும் நீண்டது, அதற்குப் பிறகு நீளாத மாதமே இல்லை.

ஒரு வருடத்தில் அவள் வாசலுக்கும் மாடிப்படிக்கும் இடையே அரைக் கிலோமீட்டர் ஆனது. எரியாத ஒரே டியூப்லைட்டுக்குக் கீழே அத்தனை தூரமும் இருட்டாகக் கிடந்தது. டார்ச் எடுத்துக்கொண்டுதான் காய்கறிக்குப் போனாள். ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் முதலில் அலுத்துக்கொண்டார்கள், பிறகு வரவில்லை. சமையலறை ஜன்னல் கம்பி வழியாகக் கயிற்றில் கூடை இறக்கி, துணியும் பாலும் கத்தரிக்காயும் அதில் ஏற்றிக்கொள்ளப் பழகினாள். அந்த ஜன்னலிலிருந்து தெரு இரண்டு மாடித் தூரம்தான், பூக்காரி பேசுவது தெளிவாகக் கேட்கும். ஆனால் ஜன்னல் கம்பியும் பொதுச் சொத்து. அதை அறுக்கத் தீர்மானம் வேண்டும். காவலாளி கபாலி மட்டும் கொஞ்ச காலம் சைக்கிளில் வந்துபோனார். பெல் சத்தம் தொந்தரவு என்று எட்டாம் எண் வீட்டார் புகார் கொடுத்தார்கள். காரிடாரில் வாகனம் ஓட்டக்கூடாது என்ற அறிவிப்பு இரண்டே நாளில் ஒட்டப்பட்டது. அந்தச் சங்கம் அவ்வளவு வேகமாகச் செய்த வேலை வேறு எதுவும் யாருக்கும் நினைவில்லை.

மூன்றாம் வருடம் ஆடியில் நீளம் இரண்டரைக் கிலோமீட்டர். இருபத்தைந்து வருடம் தையல் மெஷினை மிதித்த முழங்கால், பாதி வழியில் பூட்டிக்கொண்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஆறு மணி நேரம் இருந்தாள். கபாலி தேடி வந்து தோள் கொடுத்து வீட்டில் சேர்த்தார். அதன் பிறகு அவள் வெளியே போகவில்லை. கொட்டிவாக்கத்தில் இருக்கும் மகள் நிஷாவுக்கு ஐப்பசி நடுவில் பிரசவம் என்று நாள் குறித்திருந்தார்கள். மாமியார் இல்லாத வீடு. கணவன் கப்பலில் வேலை செய்கிறவன். நிஷா தினமும் போனில் ஒன்றையே கேட்டாள். "நீ வந்துடுவல்லம்மா? வலி வந்தா நான் யாரம்மா கூப்பிடுவேன்?" அன்புக்கரசி, "வராம எங்கடி போயிடப் போறேன்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆவணியில் கபாலி சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தைப் போனில் படம் பிடித்துக் காட்டினார். அப்போதுதான் காரிடார் வேலை செய்யும் விதம் அவளுக்குப் புரிந்தது. அது மிக எளிமையானது. அவள் எழுதிய ஐம்பத்தெட்டு மனுக்களும் ஒவ்வொரு கூட்டத்திலும் வரிசையாகப் படிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதப்பட்டிருந்தது. அப்படி எழுதப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் காரிடார் இரண்டு டேப் நீண்டது. முதல் மாதம் ஒரு வரி, பத்து அடி. இப்போது ஒரே மாதத்தில் ஐம்பத்தெட்டு வரி, ஐந்நூற்று எண்பது அடி. கட்டடம் மனிதர்கள் சொல்வதைக் கேட்பதில்லை, புத்தகத்தில் இருப்பதைத்தான் கேட்கிறது. அப்படியானால் மனுக்களைத் திரும்பப் பெற்றுவிட்டால் போதும் என்று கணக்கிட்டு, ஐம்பத்தெட்டுக்கும் தனித்தனியே திரும்பப் பெறும் கடிதம் எழுதிக் கூடையில் இறக்கினாள். திரும்பப் பெறும் கடிதமும் ஒரு மனுதான் என்பதை அவள் யோசிக்கவில்லை. புரட்டாசிக் கூட்டத்தில் நூற்றுப் பதினாறும் ஒத்திவைக்கப்பட்டன. காரிடார் மூன்று கிலோமீட்டரைத் தொட்டது.

ஐப்பசியில் ஆண்டுப் பொதுக்கூட்டம். வழக்கமாகக் கார் நிறுத்துமிடத்தில் நடக்கும். அந்த வாரம் பெய்த மழையில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர். கூட்டம் நடக்கும் இடத்தைக் கதவு எண்ணோடு குறிப்பிட வேண்டும் என்பது விதி. அச்யுத் பிளானை விரித்துப் பார்த்தார். ஒன்பதாம் எண் வீட்டு வாசலுக்கு முன்னால் கொஞ்சம் அகலமான இடம் இருந்தது. 'ஞாயிறு காலை பத்து மணி, பி பிளாக், ஒன்பதாம் எண் வாசல்' என்று அறிவிப்பு ஒட்டினார். நாற்காலியும் மினிட்ஸ் புத்தகமும் முன்கூட்டியே போய்விட வேண்டும் என்பதால், கபாலி புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்து, எட்டரை மணிக்கே நடக்கத் தொடங்கினார். ஒன்பதரைக்கு வந்து சேர்ந்து, நாற்காலியைப் போட்டு அதில் தானே உட்கார்ந்தார்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது?"

"இன்னிக்கும் ஒத்திவெச்சா இன்னும் ஆயிரத்துச் சொச்சம் அடி, கபாலி. எம்பொண்ணு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா."

"யாரு வந்து ஒத்திவெக்கப் போறாங்கோ? மூணு கிலோமீட்டரு நடந்தா? கோரம் இல்லன்னா இன்னா ஆவும் தெரியும்ல?"

"என்ன ஆகும்?"

"பதினெட்டு வர்சமா நாந்தான் சேர் போட்டுகினு கீறேன். மூணுல ஒரு பங்கு ஆளு வரணும். வரலியா, அர மணி நேரம் குந்திகினு இருப்பாங்கோ. அப்பால எடத்துல யாரு கீறாங்களோ அவுங்கதான் கூட்டம். அவுங்க எய்தறதுதான் தீர்மானம். புக்குலயே போட்டுகீது."

போட்டிருந்தது. விதி பதினேழு, புத்தகத்தின் பின்னட்டையில். அன்புக்கரசி இரண்டு முறை படித்தாள்.

அந்தப் பக்கம், மாடிப்படி முனையில், சங்கத்தின் எண்பத்திரண்டு உறுப்பினர்களில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். இருட்டுக்குள் நூறு அடி நடந்து பார்த்துவிட்டுப் பத்துப் பேர் காபி குடிக்கத் திரும்பிவிட்டார்கள். அச்யுத் மட்டும், அறுபது அடிதானே என்று நடந்துகொண்டே இருந்தார். பத்து மணிக்கு ஒன்பதாம் எண் வாசலில் இருந்தவர்கள் உறுப்பினர் ஒருவர், காவலாளி ஒருவர். அன்புக்கரசி வருகைப் பதிவில் கையெழுத்திட்டு, கூட்டம் அரை மணி நேரம் தள்ளிவைக்கப்படுகிறது என்று எழுதினாள். கபாலி போனைப் பார்த்தபடியே இருந்தார். "பத்தர ஆய்ச்சிக்கா" என்றதும், மறுபடியும் எழுதினாள்: 'மனு எண் 1 முதல் 116 வரை அனைத்தும் ஏற்கப்பட்டன. நிலுவை ஏதும் இல்லை.'

காரிடார் சத்தம் போடாமல் மடிந்தது. புடவைக் கொசுவம் கைக்குள் வருவதுபோல் இரண்டிரண்டு டேப்பாக உள்ளே போனது. தூரத்தில் ஊசிமுனையாகத் தெரிந்த வெளிச்சம் பெரிதாகி, மாடிப்படியும் கைப்பிடியும் எட்டாம் எண் வீட்டுக் கோலமும் வந்து நின்றன. நடப்பதற்காகத் தூக்கிய காலை அச்யுத் ஒன்பதாம் எண் வாசலில் ஊன்றினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"பாத்தேளா மேடம், அறுபது அடிதான்."

"ஆமா சார்" என்றாள் அன்புக்கரசி. "இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

அவர் வாட்சைப் பார்த்தார், விதி பதினேழைப் பார்த்தார், கையெழுத்திட்டார். அவள் அரை நிமிடத்தில் மாடிப்படிக்கு வந்து, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, ஆட்டோவில் கொட்டிவாக்கம் போனாள். செவ்வாய்க்கிழமை நிஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதலில் கையில் வாங்கியது அன்புக்கரசிதான். டியூப்லைட் இன்னும் மாற்றப்படவில்லை, ஆனால் அது எரிகிறது.

செய்தி மற்ற பிளாக்குகளுக்கும் பரவியது. ஏ பிளாக்கில் மூன்று வருடமாக எந்த மாடியிலும் நிற்காமல் போய்வந்துகொண்டிருந்த லிஃப்ட்டும், சி பிளாக்கில் பகலில் உள்ளங்கை அளவாகச் சுருங்கிவிடும் ஜன்னலும் அடுத்தடுத்த மாதங்களில் சரியாயின. அச்யுத் கூட்ட அறிவிப்பில் இப்போது கோளாறு உள்ள வீட்டின் கதவு எண்ணையே இடமாகப் போடுகிறார். கபாலி அங்கே ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போடுகிறார். வேறு யாரும் வருவதில்லை. வீட்டுக்காரர் அரை மணி நேரம் காத்திருந்து, தன் மனுவைத் தானே ஏற்று, நிலுவை இல்லை என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். அவ்வளவுதான், சரியாகிவிடுகிறது.