ஏழாவது மைப்போத்தல்

இரண்டாவது கலியாண ஓலை வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, ஜெஸ்மின் கோயில் வாங்குப்பலகையில் குனிந்திருந்து தன் நடுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் பச்சையுமில்லாத, சாம்பலுமில்லாத ஒரு கறை. நாலு நாளாக எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. காகிதத்தில் ஒழுங்காக நிற்கத் தெரியாத மைக்கு அவள் விரலில் மட்டும் அப்படியொரு பிடிப்பு.

"உப்புவெளியைச் சேர்ந்த டிலுக்ஷனுக்கும் எமது பங்கைச் சேர்ந்த ஜெஸ்மினுக்கும் நடைபெறவிருக்கும் திருமணத்துக்கு இது இரண்டாவது அறிவித்தல்," என்று பாதர் வாசித்தார். "தடை ஏதும் அறிந்தவர்கள் உடனே பங்குத்தந்தையிடம் தெரியப்படுத்தவும்."

மூன்று ஞாயிறு இப்படி ஓலை வாசிப்பார்கள். மூன்றாவதும் முடிந்தால் பிறகு கலியாணம்தான். மை பிடிக்கவில்லை என்பது ஒரு தடையா? போய்ச் சொன்னால் பாதர் சிரிப்பார். ஆனால் கட்டப்போகிற மனிதனிடம் ஒரு வருடமாக ஒரு உண்மையும் சொல்ல முடியவில்லை என்பது? அதை யாரிடம் போய்ச் சொல்வது?

டிலுக்ஷன் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். பெண் பார்க்க வந்த அன்று இருவரும் அரை மணித்தியாலம் கதைத்தார்கள். அதில் இருபது நிமிடம் அவனுடைய அக்கா சுலக்ஷனாதான் கதைத்தாள். அடுத்த கிழமை அவன் கப்பல் ஏறிவிட்டான். கப்பல் துறைமுகம் தொட்டால் மட்டும் போனில் சிக்னல் வரும். ஒருநாள், "ரைப் பண்ணி அனுப்பாமல் கையால எழுதி, படம் எடுத்து அனுப்புவீங்களோ?" என்று கேட்டான். அடுத்த மாதமே ஒரு பேனையும் முதல் மைப்போத்தலும் பார்சலில் வந்தன.

பெட்டியில் 'மழைக்கு முந்திய வானம்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பேனையில் நிரப்பி எழுதியபோது சட்டி கழுவின தண்ணீர் மாதிரி வந்தது. எழுத்தின் ஓரமெல்லாம் மட்டைத்தேளின் கால்கள்போல மை பரவியது. 'மை எப்படி?' என்று அவன் கேட்டிருந்தான். பேனை சேர்ப்பது அவனுடைய பொழுதுபோக்கு என்று கலியாணப் பேச்சுக்கு வந்த விபரத்தாளில் இருந்ததை அவள் வாசித்திருந்தாள். கப்பலில் வேர்த்து வழிந்து வேலை செய்கிறவன், ஆசையாய்த் தேடி அனுப்பியிருக்கிறான். 'மிக அருமை' என்று எழுதினாள்.

அதுதான் அவள் செய்த பிழை. அருமை என்றதும் இரண்டாவது போத்தல் வந்தது. 'குங்குமப்பூ அந்தி'. தகரத்தில் பிடித்த கறள் நிறம். மூன்றாவதில் வெள்ளித்தூள் மினுங்கும் என்றிருந்தது. தூள் அடியில் படிந்து பேனையின் தொண்டையை அடைத்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் புதிது புதிதாய்ப் புகழ் தேடினாள். 'இந்த நிறத்தைப் பார்க்க உங்கள் ஞாபகம் வருகிறது' என்றுகூட ஒருமுறை எழுதினாள். ஒரு பொய்யை இறக்கி வைக்க நினைக்குமுன் அடுத்த போத்தல் வந்து வாசலில் நின்றது.

இப்போது கலியாணக் காட் உறைகள் நூற்றெண்பது மேசையில் இருந்தன. எல்லாப் பெயரையும் அவளே எழுத வேண்டும், ஆறாவதாக வந்த 'மரகதக் குடா'வால் எழுத வேண்டும் என்பது அவன் விருப்பம். துறைமுகப் பக்கத்து உப்புக் காற்றில் அந்த மை ஒரு மணித்தியாலம் ஆகியும் காயவில்லை. பழுதான பதினொரு உறைகளை வெளியே போட்டாள். ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று ஒழுங்கையால் போகும்போது அதில் இரண்டை மென்று பார்த்துவிட்டுத் துப்பியது.

"அம்மா, எனக்கு இந்த மையால எழுத ஏலாது."

"நல்லாயிருக்கு எண்டு நீதானே சொன்னனீ?" என்றாள் அம்மா மரியமலர். "இப்ப மாத்திக் கதைச்சா அந்தத் தம்பி என்ன நினைக்கும்? பேசாமல் எழுது."

பேசாமல் எழுது. இனி வாழ்நாள் முழுக்க இதுதானோ என்று ஜெஸ்மின் நினைத்தாள். கறி உறைத்தாலும் அருமை. வீடு புழுங்கினாலும் அருமை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் டிலுக்ஷன் வந்தான். முதல்நாள்தான் கொழும்பில் கப்பலால் இறங்கியிருந்தான். போனில் பார்த்ததைவிட மெலிவு, நல்ல கறுப்பு. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். ஏழாவது.

"இது தேடி எடுத்தது. தங்கம் மாதிரி மினுங்குமாம். எழுதிப் பாருங்கோ."

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மாவின் காது இங்கேதான் இருந்தது. ஜெஸ்மின் பேனையைக் கழுவி, மை நிரப்பி, ஒரு உறையில் 'திரு, திருமதி இன்பாஸ்' என்று எழுதினாள். எழுத்து வீங்கியது. தங்கத்தைக் காணவில்லை. பாசி பிடித்த பழைய குளம் போல ஒரு நிறம் மட்டும் கிடந்தது.

"எப்பிடி?"

அருமை என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் வாயைத் திறக்குமுன் அவன் பேனையை வாங்கினான். "நானும் ஒரு உறை எழுதுறன், தாங்கோ." அழுத்தி இழுத்தான். கர் என்று உறை கிழிந்தது. மை வரவில்லை.

"தலைகீழாப் பிடிச்சிருக்கிறீங்கள்," என்றாள் ஜெஸ்மின்.

"அப்பிடியோ? எந்தப் பக்கம் மேல வரவேணும்?"

அவள் அவனையே பார்த்தாள். "நீங்கள் பேனை சேர்க்கிறனீங்கள்தானே?"

"நானோ? ஆர் சொன்னது?"

"உங்கட விபரத்தாளில கிடந்தது."

"ஐயோ, அது அக்கா எழுதினது! பள்ளிக்கூடத்தில படிக்கேக்க நாலு பழுதான பேனை பெட்டிக்குள்ள வைச்சிருந்தனான். நான் கப்பலில எழுதுறதெல்லாம் எஞ்சின் புத்தகத்தில, அதுவும் போல்பொயின்ற் பேனையால. உங்களுக்குக் கடிதம் எழுதுறதெண்டா உயிர் எண்டுதானே உங்கட தாளில இருந்தது? அதுக்காகத்தான் துறைமுகம் துறைமுகமா மை தேடினனான்."

"அது அம்மா எழுதினது. எட்டாம் வகுப்பில கடிதப் போட்டியில இரண்டாம் பரிசு எடுத்தனான். அவ்வளவுதான்."

இருவருக்கும் ஒன்றாகச் சிரிப்பு வந்தது. குசினியில் கரண்டி மீண்டும் ஆடத் தொடங்கியது. அந்தச் சிரிப்புத் தந்த துணிவில் ஜெஸ்மின் சொன்னாள்: "எனக்கு இந்த மை ஒண்டும் பிடிக்கேல்ல."

"ஒண்டுமோ?"

"ஏழும்."

அவன் சிரிப்பு மெல்ல வடிந்தது. "நிறத்தைப் பார்க்க என்ர ஞாபகம் வருது எண்டு எழுதினீங்களே."

அவள் மைப்போத்தலின் மூடியை இறுக்கினாள்.

"அந்தக் கடிதத்தை எஞ்சின் ரூமில நிண்டு எத்தனை தரம் வாசிச்சிருப்பன் தெரியுமோ? மையைப் பற்றி எழுதினது பொய்யெண்டா, மற்றதெல்லாம்?"

அதற்கு வாயால் பதில் சொல்ல ஏலாது என்று அவளுக்குத் தெரிந்தது. எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து வந்தாள். எல்லாக் கடிதத்தையும் முதலில் அதில் போல்பொயின்றால் எழுதி, வெட்டித் திருத்தி, பிறகுதான் மையால் பார்த்தெழுதுவாள். அனுப்பாத வசனங்களெல்லாம் ஒரு கோடு மட்டும் இழுத்தபடி அதிலேயே கிடந்தன.

"இதில எல்லாம் கிடக்கு. வெட்டினதையும் வாசியுங்கோ."

அவன் கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினான். தேத்தண்ணியோடு வந்த அம்மா கதவடியில் அப்படியே நின்றாள். மோட்டார்சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடக்கில் தேய்ந்தது.

"என்ன வேலையடி பார்த்தனீ? நாளையிண்டைக்கு ஞாயிறு, மூண்டாம் ஓலை!" என்றாள் அம்மா. "மை நல்லம் எண்டு சொல்லியிருந்தா உன்ர வாய் தேய்ஞ்சோ போயிருக்கும்?"

"ஓம் அம்மா, தேய்ஞ்சு போச்சு," என்றாள் ஜெஸ்மின்.

சனிக்கிழமை முழுக்க போன் அடிக்கவில்லை. கலியாணத்தை நிறுத்துவதென்றால் மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கே பாதரிடம் சொல்லிவிடுவார்கள். சொல்லியிருந்தால் ஓலையில் அவள் பெயர் வராது. சனம் எல்லாம் திரும்பிப் பார்க்கும். மைக்காகப் பொய் சொல்லி அடைபட்டுக் கிடந்ததற்கும், உண்மையைச் சொல்லி இப்படி அடைபட்டுக் கிடப்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு பாரம் மட்டும் இல்லை. அதை அவள் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிய பாதர் தாளை எடுத்தார். முதல் இரண்டும் யாரோ வேறு சோடிகளின் பெயர்கள். பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா அவளுடைய கையை எலும்பு நோகப் பிடித்தாள்.

"உப்புவெளியைச் சேர்ந்த டிலுக்ஷனுக்கும்..."

அம்மாவின் பிடி தளர்ந்தது. ஜெஸ்மினுக்கு மிச்சம் ஒன்றும் காதில் விழவில்லை.

வாசலில், வேப்பமர நிழலில், மோட்டார்சைக்கிளில் சாய்ந்தபடி அவன் நின்றான். தன் பங்குக் கோயிலில் விடியப் பூசை கண்டுவிட்டு வந்திருந்தான். கொப்பியை நீட்டினான். சிரிக்கவில்லை.

அங்கேயே நின்று விரித்தாள். 'உங்களை அரை மணித்தியாலம்தான் பார்த்தனான். அதுக்குப் பிறகு மையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறன்' என்று அவள் எழுதி வெட்டியதன் கீழே, 'நானும்' என்று போல்பொயின்றால் எழுதியிருந்தது. 'இந்த மை நல்லாயில்லை எண்டு சொன்னால் கோவிப்பீங்களோ?' என்ற வெட்டுக்குக் கீழே: 'கோவம் வந்தது. சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் இருந்தது.'

கடைசிப் பக்கத்தில்: 'உறைகளில் அரைவாசியை எனக்குத் தாங்கோ. போல்பொயின்றால எழுதுவம். என்ர எழுத்து எப்பிடி எண்டு உண்மையைச் சொல்லவேணும்.'

ஜெஸ்மின் அந்த எழுத்தைப் பார்த்தாள். வரிக்கு வரி ஏறி இறங்கி, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றது. நிமிர்ந்தாள். அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"கோழி கிண்டினது மாதிரி இருக்கு," என்றாள்.

"அக்காவும் அப்பிடித்தான் சொல்லுறவ," என்று சொல்லி, டிலுக்ஷன் அப்போதுதான் சிரித்தான்.