விளக்கேற்றக் கூப்பிட்ட பெயர்

"அடுத்ததாக, எமது வடிவமைப்புப் பிரிவின் தலைவி செல்வி தயாளினியை மங்கல விளக்கேற்ற அன்போடு அழைக்கிறோம்" என்று ஒலிவாங்கியில் அறிவித்தபோது, என் மகள் சிவரூபி வாசலில் சந்தனக் கும்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். வருகிறவர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் கொடுப்பது அவளுக்குத் தரப்பட்ட வேலை. தயாளினி கதிரையை விட்டு எழும்பிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, முதலாளி பிரசாந்தன் நீட்டிய மெழுகுதிரியை வாங்கி ஒரு திரியைக் கொளுத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். ரூபிக்கு ஒரு கையில் கும்பா. மற்றக் கையால் தன் தொடையில் தட்டினாள், விசரி. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திப் பக்கம், ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். லண்டன் கோயில்களுக்கும் கனடா நகைக்கடைகளுக்கும் எங்கள் பிள்ளைகள் அங்கே இருந்து வெப்சைட் செய்து கொடுக்கிறார்கள். வாணி விழாவுக்குப் பெற்றோரும் வரலாம் என்றார்கள், போனேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் லப்டொப்புகளை அடுக்கி ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். கல்விக்கு அதிபதி அந்த அம்மாள். அவளுக்கு முன்னால் வவுனியாக் கம்பஸில் நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவள் கும்பா பிடிக்கிறாள்; ஏ.எல். பரீட்சையில் பெயில் விட்டவள் விளக்குக் கொளுத்துகிறாள். இது எந்த ஊர் நியாயம்? வீணையைப் போட்டுவிட்டு எழும்பிப் போயிருக்க வேண்டாமா அந்த அம்மாள்? சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தயாளினி யாரோ எவரோ என்றாலும் ஆறியிருப்பேன். ஸ்கந்தபுரத்தில் எங்கள் பக்கத்து வளவு வடிவம்மாவின் மகள்தான் அவள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்த குடும்பம். அவர்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த ஆட்கள். வடிவம்மா எங்கள் வயலில் புல்லுப் பிடுங்கியிருக்கிறாள். இதை வாய் திறந்து சொன்னால் ரூபிக்குக் கோபம் வரும், அப்படிக் கதைக்கக் கூடாதாம். நடந்ததைத்தானே சொல்கிறேன்? சண்டையில் இடம்பெயர்ந்து இருந்த முகாமில் ஒரே தறப்பாள் கூடாரத்தின் கீழ் ஒரே கொப்பியில் எழுதிப் படித்த பிள்ளைகள் இரண்டு பேரும். அதிலே ஒன்று படித்து மேலே வந்தது. மற்றது பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டுக் கிளிநொச்சியில் ஆறு மாதக் கோர்ஸ் ஒன்றுக்குப் போய், உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு திரிந்தது. காகத்துக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சு உண்மையாகவே பொன்தான். பல்கலைக்கழகமே முத்திரை குத்தித் தந்திருக்கிறது. தொப்பியும் கறுப்பு அங்கியுமாக அவள் நிற்கிற படத்தை, யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி முன் அறைச் சுவரில் கொழுவியிருக்கிறேன்.

அந்தப் பட்டத்தோடு போனவளை அலுவலகத்தில் தயாளினிக்குக் கீழே இருத்தினார்கள். தயாளினி அங்கே முன்னமே சேர்ந்துவிட்டாளாம். சம்பளமும் அவளுக்குத்தான் கூட. ஸ்கூட்டியும் அப்போதே எடுத்திருந்தாள். வடிவம்மாவின் வீட்டுக்கு முன்னால் மதில் எழும்பியது, மதிலில் இரண்டு சீமெந்துத் தாமரைப்பூ வேறு. காலையில் அந்த ஸ்கூட்டி எங்கள் படலையில் வந்து ஹோர்ன் அடிக்கும். பட்டதாரி ஓடிப்போய்ப் பின்னால் ஏறுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்கிற ஒவ்வொரு காலையும் நான் சட்டியைத் தூக்கி டங்கென்று வைப்பேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உன்ர படிப்புக்கு உதிலை ஒரு மரியாதையும் இல்லையே?"

"அங்க ஒருத்தரும் சேட்டிபிக்கற் கேக்கிறேல்லை, அம்மா. செய்து வைச்சிருக்கிறதைத்தான் பாக்கினம். தயா டிசைன் கீறுவாள், ஆக்களோட கதைச்சுப் பேசுவாள். நான் அதை ஓட வைப்பன். எனக்கு அதுதான் விருப்பம்."

விருப்பமாம். கண்டறியாத விருப்பம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தலைவி என்கிற கதிரையில் என் மகள் இருக்க வேண்டும். வடிவம்மா அதைப் பார்க்க வேண்டும்.

விழாவில் முதல் திரியைக் கொளுத்தியவர் கொழும்பிலிருந்து வந்த சுரேகா என்கிற பெண். ஏதோ பெரிய ஹோட்டல் கொம்பனியாம். அவர்களுடைய வெப்சைட் வேலை முழுவதும் இந்த அலுவலகத்துக்கு வரப்போகிறது என்று பிரசாந்தன் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார். பூசை முடிந்து அவலும் கடலையும் கொடுத்தார்கள். நான் தட்டோடு தயாளினிக்குப் பக்கத்தில் இருந்தேன். சுரேகா வந்து அவளிடம், "நீங்கள்தான் தலைமை டிசைனரா? எந்த யுனிவர்சிட்டி?" என்று கேட்டார். தயாளினியின் வாய் நிறைய அவல். ஒரு விரலைத் தூக்கி, பொறுங்கோ என்று சிரித்தாள்.

அவள் விழுங்குகிற வரைக்கும் நான் ஏன் பொறுக்க வேண்டும்?

"அவா ஏ.எல். பெயில், மிஸ்" என்றேன். "பட்டதாரி என்ர மகள். உந்தா, வாசல்ல கும்பாவோட நிக்கிறா."

கொஞ்சம் பலமாகத்தான் சொல்லிவிட்டேன். சுரேகா திரும்பி வாசலைப் பார்த்தார், பிறகு பிரசாந்தனைப் பார்த்தார். பிரசாந்தன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் சிரிப்பில் சாரம் இல்லை. தயாளினி அவலை விழுங்கிவிட்டு, "ஓம் மிஸ், அன்ரி சொன்னது சரிதான்" என்றாள். நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யா? இல்லையே. அன்றைக்கு ரூபி ஸ்கூட்டியில் ஏறவில்லை. என்னோடு பஸ்ஸில் வந்தாள். ஜன்னல் பக்கம் இருந்தவள் வீடு வரும் வரை என் பக்கம் திரும்பவில்லை.

தீபாவளி கழிந்த கையோடு அந்தச் செய்தி வந்தது. ஹோட்டல்காரர் பட்டம் உள்ள ஒருவர்தான் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். இனி ரூபிதான் தலைவி, சம்பளமும் கூடும். தயாளினி அதே வேலையை ரூபிக்குக் கீழே இருந்து செய்யலாம், சம்பளம் மட்டும் கொஞ்சம் குறையும். ரூபி இதைச் செருப்பைக் கழற்றிக்கொண்டே, யாரோ செத்த வீட்டுக் கதை மாதிரிச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. உடனே சர்க்கரைப் புக்கை பொங்கினேன். முதல் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு, நாலு பேர் காணட்டும் என்று றோட்டால் சுற்றி வடிவம்மாவிடம் போனேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் கறுக்கும், அதை ஆறுதலாக நின்று பார்க்கலாம் என்று நினைத்தேன். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை வாங்கினாள்.

"தயா சொன்னாக்கா. நம்ம ரூபிக்குத்தானே கிடைச்சிருக்கு. நல்லா வரட்டும்."

நம்ம ரூபியாம்! என் ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு துளி பொறாமைகூடப் படாமல் ஒருத்தி இருக்கிறாள் என்றால் அது என்ன மனுசியா, மரமா?

திரும்பி வந்தால் ரூபி அடுப்படியில் நிற்கிறாள்.

"ஆரைக் கேட்டுப் புக்கை கொண்டு போனனீங்கள்?"

"ஏன், களவெடுத்துக்கொண்டே போனனான்? வாயில்லாத உனக்கு நான் வாங்கித் தந்த கதிரையடி அது."

அவள் புக்கைப் பானையை மூடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் எரிஞ்சதுதான், அம்மா. நான் கல்லில்லை. வேலைக்குப் போன முதல் கிழமையே ஸ்கூட்டியில தயாவின்ர பின்னால இருந்துகொண்டு, 'உன்னில எனக்குச் சரியான பொறாமையடி' எண்டு அவளிட்டையே சொன்னனான். அவள் அதை நிப்பாட்டிப்போட்டுச் சிரிச்சாள். 'நீ தொப்பி போட்டுப் படமெடுத்த அண்டைக்கு நான் குசினிக்குள்ள இருந்து அழுதனான்' எண்டாள். ரெண்டு பேரும் றோட்டில நிண்டு சிரிச்சம். அதோட அது முடிஞ்சுது. நீங்கள் அதைத் தோண்டியெடுத்துச் சனத்துக்கு முன்னால..."

மிச்சத்தைச் சொல்லாமல் போய்விட்டாள். நான் அடுப்புக்கு முன்னால் நின்றேன். தயாளினி குசினிக்குள் இருந்து அழுதாளா? பொய் சொல்லமாட்டேன், அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. ஆனால் ரூபி அன்றைக்குப் புக்கையைத் தொடவில்லை. அவளின் அப்பாவுக்கு வைத்துவிட்டு, மிச்சத்தை நானே இருந்து தின்று முடித்தேன்.

மாதம் முடிய தயாளினி வேலையை விட்டுவிட்டாள். வீட்டிலேயே மேசை போட்டு வேலை செய்கிறாளாம். லண்டன் கோயில்காரர் சிலர் அவளைத் தேடி அங்கேயே வந்துவிட்டார்களாம். வரட்டும், எனக்கென்ன? என் மகள் தலைவி. சந்தையிலும் கோயிலிலும் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டேன். ரூபி காலையில் தனியாக நடந்து போய் பஸ் ஏறுகிறாள். பின்னேரம் வருகிற பஸ்ஸின் சத்தம் எங்கள் குசினிக்குக் கேட்கும். கேட்டதும் தேத்தண்ணி ஊற்றி வைப்பேன். அது ஆறி ஆடை படரும், அவள் வந்திருக்க மாட்டாள். வந்தால் "ஓம்", "இல்லை", "வேண்டாம்". இவ்வளவுதான் எனக்கு மிஞ்சிய கதை.

எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியாதா? இன்றைக்கு வடிவம்மாவின் வளவிலிருந்து சிரிப்புக் கேட்டது. ரூபியின் சிரிப்பு. மூச்சு வாங்கி, விக்கல் எடுத்து, போதுமடி போதுமடி என்று கத்துகிற பழைய சிரிப்பு. என் வீட்டில் அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! தேத்தண்ணியை வைத்துவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து போனேன். இந்தப் பொட்டால் பிள்ளைகள் போய் வருவார்கள். நான் ஒருநாளும் போனதில்லை.

அவர்களுடைய குசினி வாசல் திறந்திருந்தது. ரூபி கம்பஸ் படித்தவள் என்றில்லாமல் காலை நீட்டி நிலத்தில் இருந்தாள். தயாளினி ஒரு ஆளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு ஏதோ நடித்துக் காட்டினாள், பிரசாந்தன் போலத்தான் இருந்தது. வடிவம்மா கல்லிலிருந்து ரொட்டியை எடுத்துச் சுடச்சுடப் பிய்த்து, சம்பலில் தொட்டு ரூபியின் கையில் கொடுத்தாள். கொடுத்த கையாலேயே அவள் நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கிவிட்டாள். சாதாரணமாக, தினமும் செய்கிற வேலை போல. கதிரை, சம்பளம், ஸ்கூட்டி, மதில் எதைக் கண்டும் எனக்கு இப்படி வலித்ததில்லை. பெற்றவள் நான் இங்கே நிற்கிறேன். அந்தக் கைக்கு எரிந்தேன், அந்த அடுப்புக்கு எரிந்தேன்.

வடிவம்மாதான் முதலில் கண்டாள்.

"அட, அக்கா! ஏன் வெளிய நிக்கிறீங்க? வாங்க, உள்ள வாங்க. ரொட்டி சூடா இருக்கு."

தயாளினி நடிப்பை நிறுத்திவிட்டு எழும்பி, எனக்காக ஒரு பலகையை இழுத்துப் போட்டாள். ரூபியின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த ரொட்டித் துண்டை அவள் வாயில் வைக்கவும் இல்லை, தட்டில் போடவும் இல்லை.