சாம்பல் நிற டேங்கர்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறக் கோட்பாட்டு வகுப்பைப் போட்டவர் யாரோ, அவர் பூமாவுக்கு வேண்டாதவராகத்தான் இருக்க வேண்டும். எளாவூர் நெடுஞ்சாலையோரத்து டிசைன் கல்லூரியில் அவள் பாடத்தை ஆரம்பித்தால், பத்தாவது நிமிடம் இருபத்திரண்டு தலையும் மேசையில் சாய்ந்துவிடும். முதல்வர் குப்புராஜ் கறாராகச் சொல்லிவிட்டார்: "புதன்கிழமை நானே வந்து ஒக்காருவேன். பசங்க தூங்கினா, அந்த பீரியட் கம்ப்யூட்டர் கிளாசுக்கு." பூமாவுக்கு இருந்ததே அந்த ஒரு பாடம்தான். அது போனால் வேலையும் போச்சு.

புதன்கிழமை அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. எல்லோரையும் கல்லூரி வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். எதிரே சோதனைச்சாவடிக்குக் காத்து நின்றன லாரிகள்.

"ரெண்டு செகண்ட் பாருங்க. அப்புறம் திரும்பி நின்னு, முதல்ல கண்ணுல பட்ட வண்டியை ஒரு சீட்டுல எழுதுங்க."

வரிசையில் நின்ற சிவப்பு லாரிகளில் ஒன்றைத்தான் எழுதுவார்கள் என்று நம்பினாள். சிவப்பே முதலில் கண்ணைப் பிடிக்கும் என்று மூன்று வருடமாக நோட்டில் எழுத வைப்பவள் அவள்தானே!

காலி வகுப்பறையைப் பார்த்துக் கடுப்பான குப்புராஜ் தேடிக்கொண்டு வந்து சேர்ந்த நேரம், சீட்டுகளைப் பிரித்தார்கள். பத்தொன்பது பேர் எழுதியிருந்தது பெயிண்டே அடிக்காத ஒரு சாம்பல் நிற டேங்கரை.

"இன்னா மேடம் இது, செவப்புதான ரூலு?" என்று மதன் சண்டைக்கு நின்றான்.

"சுத்தி அத்தினியும் செவப்பா நிக்கிது. அதுல இன்னொரு செவப்பு எப்டி தெரியும்?" என்றாள் பழவேற்காட்டிலிருந்து வரும் ரோஜா. "எங்க ஊர்ல ஏரியும் வானமும் சாம்பலா கெடக்கும். அதான் எங்க நைனா படகுக்குச் செவப்பு அடிக்கிறாரு. பக்கத்துல இன்னா இருக்குன்னு பாக்கணும். போன டெஸ்ட்ல இதத்தான் எழுதுனேன். மேடம் ரெண்டு மார்க் கொறச்சிட்டாங்க."

குப்புராஜின் பார்வை பூமா பக்கம் திரும்பியது. வெயில், தூரம் என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் இருபத்திரண்டு பேரும் கொட்டக் கொட்ட விழித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு. நோட்டுல எல்லாரும் அதை அடிச்சிடுங்க."

அவமானமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"மூணு வருஷமா ஒருத்தர்கூடவா கண்டுபிடிக்கல? அவ்ளோ தூக்கமா?" என்றார் குப்புராஜ்.

"ரோஜா கண்டுபிடிச்சு எழுதியே குடுத்தா சார். அன்னிக்குத் தூங்கினது நான்."

குப்புராஜ் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"மொதல்ல அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மார்க்கைப் போடுங்க. பீரியட் உங்ககிட்டயே இருக்கட்டும்."