குழாய் போகும் அளவுக்கு

தலைவர் வீட்டுக் கழிவறையில் தண்ணீர் இறங்க மறுத்தது. ஊற்றினால் சற்று நேரம் நின்று, முனகி, பாதியை விழுங்கி மீதியைத் துப்பியது. கூடம் முழுக்க நாற்றம்.

தெருவின் தூய்மைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியின் மூடி சாய்ந்திருந்தாலும் அந்த வீட்டுக்காரரை வாசலுக்கு அழைத்துக் கண்டிப்பவர். அவர் மூக்குக்கே இந்தச் சோதனை வந்தபோது, காரணம் தேடி அவர் அலையவில்லை. பின்புறச் சுவரை நோக்கிக் கையை நீட்டினார்.

"அங்கேருந்துதான் வருது."

சுவருக்கு அப்பால் அவருடைய தங்கையின் வீடு. ஒரே மனையில் தந்தை கட்டிய இரண்டு வீடுகள். முன்வீடு மகனுக்கு, பின்வீடு மகளுக்கு. மகள், பிணவண்டி ஓட்டுகிறவனை மணந்தாள். மணந்த வாரமே நடுவில் சுவர் எழுந்தது. செத்தவர்களைச் சுமந்து பிழைப்பவன் மைத்துனன் என்று சொல்லிக்கொள்வது இழுக்காம்! சாவே அறியாத குடும்பம் ஒன்று அந்தத் தெருவில் குடியிருந்ததாக்கும்!

சுவர் முகங்களைப் பிரித்தது, பேச்சைப் பிரித்தது, தங்கையையும் அண்ணியையும் பிரித்தது. மண்ணுக்கு அடியில் தந்தை பதித்த குழாயை மட்டும் பிரிக்க மறந்துவிட்டது.

தங்கைக்கு இருந்தது ஒரே ஆசை. அண்ணன் ஒரு நாள் அந்தச் சுவரைக் கடந்து வரவேண்டும்; தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவேண்டும். அவ்வளவுதான்.

குழாய் ஒப்பந்தக்காரர் வந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"பழைய மண்குழாய் சார். வேர் பூந்திருக்கு. முழுசா மாத்தணும். தண்ணி எந்தப் பக்கம் ஓட வாட்டம் இருக்குன்னு முதல்ல விட்டுப் பாத்துரலாம்."

"பாக்க என்னய்யா இருக்கு? தெரு எங்க இருக்கு? முன்னாடி. அப்ப பின்னாடி வீட்டு அழுக்கு என் வீட்டுக்கு அடியிலதானே வரும்? பொணத்தைத் தொட்ட கையைக் கழுவின தண்ணி, நான் உக்காந்து சாப்பிடுற இடத்துக்குக் கீழ ஓடுது! முதல்ல சுவரோரமா வெட்டி அடைச்சுவிடு. அப்புறம் என் குழாயை மாத்து."

"அப்ப அவங்க என்ன சார் பண்ணுவாங்க?"

"அந்த வண்டியிலயே ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

ஒப்பந்தக்காரர் சிரித்தார். வாதாடி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதோடு, அவருக்கும் அதுதான் சரியென்று பட்டது. பெரிய வீட்டின் அழுக்கு சின்ன வீட்டுக்குள் போகும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

சுவரடியில் கடப்பாரை விழுந்த சத்தம் கேட்டுத் தங்கை கொல்லைக்கு ஓடினாள்.

"ஏங்க, சுவரை இடிக்கிறாங்க போலிருக்கு!"

வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவன் திரும்பவேயில்லை. "உங்க அண்ணன் சுவரை இடிச்சா, நான் இந்த வண்டியில கல்யாண ஊர்வலம் விடுறேன்."

சுவருக்கு மேலே அண்ணியின் நெற்றி மட்டும் தெரிந்தது. ஏதோ ஒரு முக்காலியின்மேல் நின்றிருக்கவேண்டும். "உங்க குழாயை அடைக்கிறாரும்மா. சொன்னா கேக்கல. கொஞ்சம் பாத்து இருந்துக்கோங்க." நெற்றி மறைந்தது.

தங்கை அன்று முழுவதும் கழிவறையை எட்டி எட்டிப் பார்த்தாள். அங்கே தண்ணீர் ஏறவில்லை. என்றுமில்லாத வேகத்தில் இறங்கியது.

மறுநாள் தலைவர் வீட்டுக் கூடத்தில் தூய்மைக் குழுவின் கூட்டம். "தூய்மை என்பது தெருவில் தொடங்குவதில்லை, ஒவ்வொருவர் இல்லத்திலும் தொடங்குகிறது" என்று தலைவர் முழங்கியபோது, அவர் இல்லத்தில் தொடங்கியது. குளியலறைக் கதவின் அடியிலிருந்து கறுப்பாய் ஒரு நாக்கு நீண்டது. நாற்காலிக் கால்களை நக்கியது. கைப்பைகள் மடிக்கு ஏறின. செருப்புகள் கைக்கு ஏறின.

"தலைவரே, இது எந்த வீட்டு அழுக்கு?" என்று ஒருவர் கேட்டார். கண்டிக்கப்பட்ட குப்பைத் தொட்டிக்காரர்தான்.

ஒப்பந்தக்காரர் வந்தார், சுற்றினார், பின்சந்துக்குப் போய்த் திரும்பினார். முகத்தில் சிரிப்பை அடக்கிய வலி.

"சார், ஊர்ச் சாக்கடை பின்சந்துல இருக்கு. உங்கப்பா வீடு கட்டினப்ப முன்னாடி வெறும் மண்பாதையா இருந்திருக்கும். அவங்களுது எதுவும் இங்க வரல. உங்களுதுதான் அவங்க சமையல்கட்டு ஓரமா போய்க்கிட்டு இருந்திருக்கு. நேத்து நாம அடைச்சது... நம்மளைத்தான்."

புதுக் குழாய் போகவேண்டுமானால் தங்கையின் கொல்லையைத் தோண்டவேண்டும். தங்கை சம்மதிக்கவேண்டும். தலைவர் பின்சந்தைச் சுற்றிக்கொண்டு வந்து அந்த வீட்டு வாசற்படிக்குக் கீழே நின்றார்.

"உள்ள வாங்க மச்சான். வண்டி வெளியதான் நிக்குது, கடிக்காது" என்றான் கணவன்.

தங்கை ஓடிப்போய்ச் டம்ளரைத் துலக்கி, தண்ணீர் ஊற்றி வந்தாள். "குடிண்ணே."

"நீ சரின்னு சொன்னா நாளைக்கே தோண்டிருவாங்க."

"சொல்றேன். முதல்ல குடி."

"இப்பதான் குடிச்சேன்."

"நேத்துலேருந்து உன் வீட்டுல குழாயே திறக்கலியாமே."

அவர் டம்ளரை வாங்கினார். விளிம்பைப் பார்த்தார். மைத்துனனின் கைகளைப் பார்த்தார். படியேறாமலே டம்ளரை வாசல் சன்னலின் கட்டையில் வைத்தார். "ஆறட்டும்."

பச்சைத் தண்ணீர் ஆறட்டுமாம்!

தங்கை டம்ளரைச் சன்னல் ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்தினாள். "உன் வீட்டுல கழிச்சதெல்லாம் என் அடுப்புக்குப் பக்கத்துல ஓடியிருக்கு. நான் மூக்கைப் பிடிச்சேனா அண்ணே?"

"அது தெரியாம நடந்தது."

"சரி, இனிமே தெரிஞ்சே நடக்கட்டும். உனக்காக இல்ல. பக்கத்து வீட்டுக் கழிவறைக்கு வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருக்காங்களே அண்ணி, அவங்களுக்காக. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். குழாய்க்குச் சுவரை உடைக்கத்தானே போறாங்க? மூடும்போது ஒரு கதவு அளவுக்கு விட்டுரு. நீ வரவேண்டாம். அண்ணி வந்து போகட்டும்."

"பாக்கலாம்" என்றார் தலைவர். அதைத் தங்கை ஆமென்று எடுத்துக்கொண்டாள். அண்ணன் சொல்லை வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சுவரை அகலமாக உடைத்தார்கள். பள்ளத்தின்மேல் பலகை போட்டார்கள். மண்குழாய் துண்டுதுண்டாக வெளியே வந்தது; உள்ளே தலைமுடிபோல் வேர்க்கொத்து. வேலை நடந்த நாளெல்லாம் அண்ணி பலகையில் நடந்து வந்தாள். தங்கையின் சமையலறையில் உட்கார்ந்து, சன்னல் கட்டையிலிருந்த அதே டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "அவர் கூட்டத்துல அந்த அழுக்கு வந்ததே, நீ பாத்திருக்கணும்டி!" இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விட்டுப்போன சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள்.

கடைசி நாள் புதுக் குழாய் பதிந்தது. மண் மூடியது. தங்கை கையில் தேநீரோடு வந்தபோது கொத்தனார் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கதவுக்குச் சட்டம் வரலியா?"

"கதவா? தலைவர் முழுசா மூடச் சொன்னாரும்மா."

அந்தப் பக்கம் அண்ணி நின்றாள். அவள் கையில் பாதி குடித்த டம்ளர்; பேசிக்கொண்டே எடுத்துப் போயிருந்தாள். செங்கல் இடுப்புக்கு ஏறியது. மார்புக்கு ஏறியது. முகத்துக்கு ஏறும் முன் அண்ணி டம்ளரை நீட்டினாள். தங்கை வாங்கிக்கொண்டாள்.

கொத்தனார் அடியில் குனிந்து, குழாயைச் சுற்றிச் சிமெண்டை விரலால் அழுத்தி வழித்தார். "குழாய் போற அளவுக்கு மட்டும் விட்டிருக்கு. எறும்புகூட வராது" என்றார் பெருமையாக.

"விடு. என்னைக்காவது என் வண்டியில ஏறித்தானே ஆகணும்" என்றான் கணவன்.

"அன்னைக்கும் முன்வாசல் வழியாத்தான் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுவாரு" என்றாள் தங்கை.

சுவருக்கு அப்பால் யாரோ கழிவறையில் தண்ணீர் ஊற்றினார்கள். வழவழப்பான புதுக் குழாயில் அது எங்கும் தயங்கவில்லை. விரைந்து தங்கை வீட்டுக்குள் வந்தது.