மதியத் தூக்கம்

மதியச் சாப்பாடு முடிந்ததும் அலுவலக நிர்வாகி இவோன் திரைகளை இழுத்துவிட்டு விளக்குகளை அணைப்பாள். மேசைகளுக்கு அடியிலிருந்து பாய்களும் மடக்குக் கட்டில்களும் வெளியே வரும். கொஞ்ச நேரத்தில் அந்தத் தளம் முழுக்க மூச்சுச் சத்தம் மட்டுமே இருக்கும். ஒரு மணி நேரம் அப்படி. வியட்நாமில், இந்தத் தூ டுக் நகரில் பல அலுவலகங்களில் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் கிளையின் தலைமைப் பொறுப்பில் இருப்பவளே வாசற்கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கும் அலுவலகம் வேறு எங்கும் இல்லை.

நஸீம் பானு காரைக்காலில் பிறந்தவள். சென்னையில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, இந்தக் கிளையை நடத்த வந்தாள். பட்டப்பகலில் ஊழியர்கள் தரையில் கிடப்பதை முதலில் பார்த்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் இன்னொன்றைப் பார்த்தாள். சென்னையில் அது வேலை நேரம். அங்கிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்துபோனார்கள். அப்படி எழுந்தவர்களில் பலர் ஓரிரு மாதத்தில் வேலையை விட்டுப் போனார்கள்.

ஒருநாள் அவளும் பாய் வாங்கி வந்து கதவை ஒட்டி விரித்தாள்.

"இந்த ஒரு மணி நேரம் யாரும் யாரையும் எழுப்பக் கூடாது. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் முதல்ல என்னைத் தாண்டி வரட்டும்" என்றாள்.

சிரித்தார்கள். ஆனால் அவள் சொன்னபடி நடந்தாள். போனை எடுத்து, திட்டு வாங்கி, ஒரு மணிக்கு மேல் பேசுங்கள் என்று சொல்லி வைத்தாள். ஆட்கள் விலகுவது நின்றது. பிழை செய்தவர்கள் மறைக்காமல் அவளிடமே வந்து சொல்லத் தொடங்கினார்கள். மாலையில் வேலை மீந்தால் யாரும் கேட்காமலே இருந்து முடித்தார்கள். மற்றக் கிளைக்காரர்கள் இது எப்படி என்று விசாரித்தார்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் சென்னையிலிருந்து இயக்குநர் சண்முகவேல் வந்தார். காலை முழுக்க மேசை மேசையாகச் சுற்றினார்.

"என்னம்மா, எல்லாரும் உன்னைப் பாத்து 'சீ பானு, சீ பானு'ங்கறாங்க? அப்படி என்ன கொடுமை பண்ணின?"

"இங்க சீன்னா அக்கா, சார்."

"பொழைச்ச போ."

சாப்பாடு முடிந்தது. விளக்குகள் அணைந்தன. சண்முகவேல் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். நஸீம் அப்போதுதான் படுத்திருந்தாள். அவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"வெப்சைட்ல பணம் கட்டற பக்கம் திறக்கலையாம். அதை யார் பாக்கறா?"

"தாவோ. ஒரு மணிக்கு எழுந்துருவா, சார்."

"கிளையன்ட் லைன்ல இருக்கான்."

"அவளுக்குக் கைக்குழந்தை. ராத்திரியெல்லாம் தூக்கம் கிடையாது. இங்கதான் தூங்கறா."

"ஒரே ஒரு ஆளைத்தானேம்மா கேக்கறேன். நீ வளர்த்த டீம். உனக்காக இதுகூடச் செய்ய மாட்டாங்களா?"

செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்துதான் எழுந்தாள்.

பாய்களுக்கு நடுவே வெறுங்காலோடு நடந்தாள். தாவோ முகத்தின் மேல் துணியைப் போட்டுக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு விழித்தாள்.

"குழந்தையா?"

"இல்ல. வேலை."

தாவோ அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு மேசைக்குப் போனாள். கணினித் திரையின் வெளிச்சம் அறையில் பரவியது. அங்கங்கே தலைகள் உயர்ந்தன. பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டன.

சின்னப் பிழைதான். சரிசெய்து அனுப்பினார்கள். சாப்பிட்டு வந்து பார்க்கிறோம் என்று கிளையன்ட் பதில் போட்டான்.

மறுநாள் விளக்குகள் அணைந்த பிறகு பாய்கள் வெளியே வரவில்லை. சிலர் கீழே காப்பிக் கடைக்குப் போனார்கள். சிலர் மேசையில் தலை சாய்த்துக் கண்ணைத் திறந்துவைத்திருந்தார்கள். தாவோ போனில் குழந்தையின் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

நஸீம் எல்லோரையும் கூட்டி மன்னிப்புக் கேட்டாள். இனி நடக்காது என்றாள். "பரவாயில்லை, சீ" என்றாள் தாவோ. மனதாரத்தான் சொன்னாள். அதற்கடுத்த நாளும் யாரும் படுக்கவில்லை.

"எல்லாருக்கும் என்மேல கோபமா?" என்று நஸீம் இவோனிடம் கேட்டாள். அலுவலக நிர்வாகம் முழுக்க இவோன் கையில்தான். அவளுடைய தாத்தா பாண்டிச்சேரிக்காரர். ஆனால் அவள் வியட்நாமியத்தில்தான் பேசுவாள்.

"கோபம்னா சண்டை போடுவாங்க. நீ எழுப்புவன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பிறகு எப்படித் தூங்கறது?"

"ஒரே ஒரு தடவைதானே?"

இவோன் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த மாதக் கடைசியில் சண்முகவேல் கூப்பிட்டார்.

"ஆண்டுக் கூட்டத்துல நீதான் பேசற. இந்தக் கலாசாரத்தை எப்படி உருவாக்கினேன்னு மத்த கிளைக்காரங்களுக்குச் சொல்லு. அந்தத் தூங்கற படம் ஒண்ணு கண்டிப்பா வேணும்."

"இப்ப யாரும் தூங்கறதில்ல, சார்."

"அட, ஒரு போட்டோவுக்குப் படுக்கச் சொல்லும்மா."

இரண்டு நாள் அவள் யாரிடமும் பேச்செடுக்கவில்லை. ஒருமுறை படுத்துவிட்டால், இருட்டும் அசதியும் சேர்ந்து தூக்கம் தானாக வந்துவிடலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பில்தான் கேட்டாள். எல்லோரும் உடனே சரி என்றார்கள். பாய்களைத் தேடி எடுத்து, தூசி தட்டி, அவரவர் இடத்தில் படுத்தார்கள். தாவோ துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நஸீம் படம் எடுத்தாள். நன்றாக வந்திருந்தது.

போனைத் தாழ்த்திக் காத்திருந்தாள். குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரும் அசையவில்லை. கண்கள் எல்லாம் மூடியிருந்தன. பக்கத்தில் படுத்திருந்தவனின் இமைகளைப் பார்த்தாள். அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

துணிக்கு அடியிலிருந்து தாவோவின் குரல் வந்தது.

"எடுத்தாச்சா, சீ?"

"எடுத்தாச்சு."

எல்லோரும் எழுந்து பாய்களைச் சுருட்டினார்கள்.